ஓரமாக நிற்பவர்கள்

அமெரிக்காவில் ஒரு பொறியாளர், கால்பந்துப் பந்தயத்தில் எந்த அணி ஜெயிக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆசைப்பட்டுத் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினார் என்று சொல்வார்கள். அதன் வாரிசுதான் தென்காசியில் எங்கள் சாதிச் சங்கத்துப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்தது. இரண்டு வேலையிலும் முன்னே பின்னே தெரியாதவர்கள் மேல் பந்தயம் கட்டவேண்டும் என்பதால் அதற்குப் பெரிய சிரமம் இருந்திருக்காது.

என் தங்கைக்கும் அதுதான் மாப்பிள்ளை பார்த்தது. பத்துக்கு ஒன்பது பொருத்தம். அந்தக் கல்யாணம் நான்கே வருடத்தில் திருநெல்வேலி கோர்ட்டில் முடிந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் கழித்து, போன குற்றாலச் சீசனில், அவளுக்கு ஆலங்குளத்திலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. அன்று காலைதான் சங்கம் தன் பழைய மென்பொருளைத் தலைமுழுகிவிட்டுப் புதியதற்கு மாறியது. நான் எழுதப்போவது அந்த மாற்றத்தைப் பற்றி.

பழைய மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்கள் அத்தனை பேரும் "இன்னும் நம்ம கடையில அதுதான் ஓடுது" என்று போன் செய்வார்கள். தகவல்களைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துவைத்துத் தேடி எடுக்கிற டேட்டாபேஸ் மென்பொருள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவன் என் பள்ளித் தோழன். திருநெல்வேலியில் ஆறு மாதம் டிப்ளமோ படித்துவிட்டு, நான்கு ஃபிளாப்பியும் கொஞ்சம் கர்வமுமாகத் திரும்பி வந்தான். சங்கக் கட்டிடத்து மாடியில் திருமணத் தகவல் மையம் தொடங்கிய நேரம் அது. கம்ப்யூட்டருக்குத் தனி அறை ஒதுக்கினார்கள். ஏசி வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று பலகை மாட்டினார்கள். விண்ணப்பம் கொடுக்க வரும் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட மட்டும் மறந்துவிட்டார்கள்.

கறுப்புத் திரை. அதன் கீழ் மூலையில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் கட்டளையை அடிக்கவேண்டும். நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. புள்ளி என்றால் வாக்கியம் முடிந்தது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இங்கே வாக்கியமே அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் இடம், அதற்கு ஃபீல்டு என்று பெயர். நிறம் என்ற ஃபீல்டில் சிவப்புக்கு ஓர் எழுத்து, மாநிறத்துக்கு ஓர் எழுத்து, கறுப்புக்கு ஓர் எழுத்து. மூன்றாவது எழுத்தை யாரும் பயன்படுத்தியதே இல்லை. சங்கத்து ஆவணப்படி எங்கள் சாதியில் கறுப்பானவர்கள் கிடையாது. குடிப்பழக்கம் என்பது உண்டு, இல்லை என்று இரண்டே பதில் உள்ள ஃபீல்டு. அதை நிரப்பியது பையனின் அப்பா என்பதால் ஒரே பதில்தான் வந்தது. உட்பிரிவு என்று ஒரு ஃபீல்டு இருந்தது. தொடங்கும்போது பத்து எழுத்து அகலம். போதவில்லை என்று புகார் வந்து இருபதாக்கினான். பிறகு முப்பது. மென்பொருள் நான்கு தலைமுறை மாறியது. ஒவ்வொரு தலைமுறையிலும் தவறாமல் அகலமானது அந்த ஒன்றுதான்.

பிறந்த தேதிக்குப் பதிலாக வயதை மட்டும் ஓர் எண்ணாகப் போடச் சொன்னான் தோழன். பிறந்த தேதி கேட்டால் ஜாதகத்தில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் ஒன்றுமாக இரண்டு சொல்வார்கள், அந்த வம்பு வேண்டாம் என்பது அவன் கணக்கு. ஆகவே இருபத்தேழு வயதில் பதிந்தவருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் என்றைக்கும் இருபத்தேழு.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். சங்கச் செயலாளர் பாத்திரக்கடை வைத்திருப்பவர், அன்றும் அவர்தான், இன்றும் அவர்தான். அவருக்கும் நிர்வாகிகளுக்கும் தோழன் செய்முறை விளக்கம் கொடுத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டுன்னா டெலீட்னு அடிக்கணும் அண்ணாச்சி. அடிச்சா பேருக்கு முன்னால ஒரு குறி விழும். தேடுனா பேரு வராது. ஆனா உள்ளதான் கெடக்கும். மொத்தமா எடுக்கணும்னா பேக்னு இன்னொண்ணு அடிக்கணும்."

"அடிச்சா?"

"சுத்தமா போயிரும். திரும்ப வராது."

செயலாளர் எழுந்தே விட்டார். "ஏலே, மங்கள காரியம் நடந்த பிள்ளைய சுத்தமா இல்லாம ஆக்குதியா? மொதல்ல வாயக் கழுவு. அதெல்லாம் அடிக்கப்புடாது. ஓரமா நிக்கட்டும்."

நிர்வாகிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். மானிட்டரின் நெற்றியில் அன்றே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அதன் பிறகு அந்த இரண்டாவது கட்டளையை யாரும் தொட்டதில்லை. கல்யாணம் முடிந்தவர்களை ஓரமாக நிறுத்தினார்கள். பிள்ளை பெற்றவர்களை, பேரன் எடுத்தவர்களை, செத்துப்போனவர்களையும்கூட ஓரமாகவே நிறுத்தினார்கள். மையத்தில் அது பேச்சுவழக்காகவே ஆனது. "அந்த வாசுதேவநல்லூர் பையன் இருக்கானா?" என்று கேட்டால், "ஓரமா நிறுத்தியாச்சே" என்பார்கள். இதில் நிர்வாகத்துக்கு ஒரு வசதியும் இருந்தது. ஆண்டறிக்கையில் பதிவு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பொங்கல் வாழ்த்து அனுப்புவதும் அதே கோப்பிலிருந்துதான் என்பதால், ஓரமாக நின்றவர்களின் செல்போன் எண்களைக்கூட வருடா வருடம் விசாரித்துத் திருத்திவைத்தார்கள்.

இதற்கிடையில் அமெரிக்காவில், முதல் மென்பொருளைப் போலவே, ஆனால் அதைவிட வேகமாக ஓடும் ஒன்றை இன்னொரு கம்பெனி எழுதியது. முதல் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. கட்டளைகள் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. இங்கே வரப்புக்கு நடப்பதுதான். வழக்கு முடிவதற்குள் வாதியையும் ஒருவர் வாங்கிவிட்டார், பிரதிவாதியையும் ஒருவர் வாங்கிவிட்டார். இங்கே வரப்புக்கு நடப்பதுதான் என்று மறுபடியும் எழுதலாம். தோழன் வேகமான பக்கத்துக்குத் தாவினான். நட்சத்திரப் பொருத்தம் பார்த்து முடிக்க முன்பெல்லாம் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது டீ சொல்வதற்குள் முடிந்தது. இதனால் கல்யாணங்கள் கூடின என்று சொல்லமுடியாது. நிராகரிப்புகள் சீக்கிரம் வந்தன.

பிறகு ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் பதிப்பு வந்தது. மவுஸ் வந்தது. புகைப்படம் சேர்க்க முடிந்தது. பெண்ணின் அப்பா நிறம் என்ற ஃபீல்டில் எழுதியதும் புகைப்படமும் அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று பொய் என்றன. தோழனுக்கு அந்தப் பதிப்பு வந்த நாட்கள்தான் பொற்காலம். மர டிப்போக்காரர்கள், குற்றாலத்து லாட்ஜ்காரர்கள், ஃபேன்சி ஸ்டோர்காரர்கள் என்று எல்லாருக்கும் அதிலேயே எழுதிக் கொடுத்தான். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் ஏதோ ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொண்டதில் இரண்டு பேர் வீட்டுக்கு வரைபடம் கேட்டு வந்தார்கள்.

என் தங்கை அந்தப் பதிப்பில்தான் பதிவானாள். வயது இருபத்துநாலு, பி.பார்ம்., மாநிறம். அவளுக்குக் கிடைத்தவரின் வேலை என்ற ஃபீல்டில் சென்னையில் தனியார் நிறுவனம் என்று இருந்தது. அது உண்மைதான். நிறுவனம் இருந்தது, வேலையும் இருந்தது. அவர்தான் அங்கே போகவில்லை. குடிப்பழக்கம் ஃபீல்டில் இல்லை என்று இருந்தது. அது பதிந்த நாளின் காலை நேரத்துக்குப் பொருந்தியிருக்கலாம். பிரிந்து வந்தவள் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். இப்போது அந்தக் கடையையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மறுமணத்துக்குப் பதியப் போனபோது அவளுக்கு வேறு கோப்பு என்றார்கள். முதல் மணக்காரர்களோடு கலக்கக்கூடாதாம். கம்ப்யூட்டருக்குள்ளும் தனிப் பந்தி.

அந்தப் பந்தியில்தான் ஆலங்குளத்துக்காரர் கிடைத்தார். விதை, உரக்கடை வைத்திருந்தார். மனைவி காய்ச்சலில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. அம்மாவும் அவரும்தான். முதல் தடவை மருந்துக்கடைக்கே வந்து பார்த்தார். "ஒங்களுக்கு லீவு என்னைக்கு?" என்று கேட்டாராம். தங்கை அன்று வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஃபீல்டுல இல்லாத கேள்வி ஒண்ண ஒரு மனுஷன் கேட்டான்" என்றாள்.

இதற்குள், அந்த வேகமான மென்பொருளை வாங்கிய பெரிய கம்பெனி, இனிமேல் இந்த மென்பொருளுக்கு அடுத்த பதிப்பு கிடையாது என்று அறிவித்துச் சில காலம் ஆகியிருந்தது. தோழன் தாடி வளர்த்தான். உலகம் முழுக்க இருந்து அவனைப் போன்றவர்கள் போட்ட மனுவில் அவனும் கையெழுத்துப் போட்டான். கம்பெனி மனுவைப் படித்த அறிகுறி இல்லை. பிறகு ஒருநாள், சப்போர்ட் என்று கம்பெனி சொல்லும் ஆதரவும் முடிந்தது. அன்று காலையும் மையத்தில் புரோகிராம் வழக்கம்போல் திறந்தது.

"ஆதரவு நின்னுட்டுங்கியே, இதுவர என்ன ஆதரவு குடுத்தான் அவன்?" என்று செயலாளர் கேட்டார்.

ஆனால் செயலாளருக்கும் கிளவுட் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. அவருடைய சம்பந்தி மகன் வேலைபார்க்கும் கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததிலேயே தோழன் கொதித்துப்போனான். கோப்புகளைப் பென்டிரைவில் கொடுத்தான். ஓரமாக நிற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?" என்று பின்னால் கேட்டேன்.

"கேட்டானுவளா? டேட்டா க்ளீனா இருக்கான்னு கேட்டானுவ. எங்க டேட்டா க்ளீன்தான்னேன்."

அவர்கள் கோப்பை அப்படியே புதிய தளத்தில் ஏற்றினார்கள். பேருக்கு முன்னால் இருந்த குறி அவர்களுடைய கருவிக்குத் தெரியவில்லை; அது பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. எங்கள் சமூகத்தில் அத்தனை வருடமும் நடந்த கல்யாணங்கள் எல்லாம் அவர்கள் ஏற்றிய ஒரே மாலையில் ரத்தாயின. மறுமணக் கோப்பையும் அதோடு கலந்துவிட்டார்கள். நவீன காலம் அல்லவா, தனிப் பந்தி கூடாது என்றார்களாம். அது ஒன்றுதான் அவர்கள் செய்த நல்ல காரியம், அதையும் தெரியாமல் செய்தார்கள்.

திறப்பு விழாவைச் சங்கத்தின் வரன் அறிமுகக் கூட்டத்தோடு சேர்த்துக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். கூட்டம் எப்போதும் சீசனில்தான் நடக்கும். வரன் அமையாவிட்டாலும் குளியலாவது அமையும் என்று வேன் பிடித்து வருவார்கள். மண்டபத்துக்குள் பாதிப் பேர் தலை ஈரமாக இருந்தார்கள். மாப்பிள்ளைகள் காதோரம் எண்ணெய் வழிய மேடையேறி, மாதச் சம்பளத்தைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். கல்யாணம் ஆனவர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், அருவிக்கு.

தங்கையும் நானும் மூன்றாவது வரிசை. ஆலங்குளத்துக்காரரும் அவர் அம்மாவும் எங்களுக்குப் பக்கத்தில். சாப்பாடு முடிந்து மாடி அறையில் பேசுவதாக இருந்தது. அந்த அம்மா வெற்றிலை, பாக்கு, பழத்தோடு ஒரு பை கொண்டு வந்திருந்தார். பை அவர் மடியிலேயே இருந்தது.

சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற அதிகாரி லேப்டாப்பில் பொத்தானை அமுக்கினார். திரையில் பூ மழை. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். "இந்த நொடியிலிருந்து உங்கள் ஒவ்வொருவருக்கும் பொருத்தமான வரன் உங்கள் கைபேசிக்கே வரும்" என்றார் செயலாளர். வந்தது.

முதலில் ஒரு செல்போன் ஒலித்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு மண்டபம் முழுவதும். எனக்கு முன்னால் இருந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது? எம்.எஸ்சி., வயசு இருபத்திமூணு?"

"தெரியல. தானா வருது."

"தானா வருதா? ஒங்களுக்கு இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. எவகிட்ட போய் இருபத்தெட்டுன்னு சொன்னிய?"

அந்தப் பக்கம் ஒரு பெண்மணி எழுந்து நின்று, தனக்கு வந்த மாப்பிள்ளை தன் சொந்த மைத்துனர் என்றும், இதைச் செய்தவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன் என்றும் உரக்கச் சொன்னார். பின் வரிசையில் இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் செயலாளரின் செல்போனும் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகச் சட்டைப்பையில் போட்டார். அவருக்கு வந்தவர் தற்போது கீழே இரண்டாவது வரிசையில் பேரக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியை என்பது சிறிது நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

தங்கை தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். அவளுடைய முன்னாள் கணவரின் படம். வயது இருபத்தொன்பது. சென்னையில் தனியார் நிறுவனம். குடிப்பழக்கம் இல்லை. பொருத்தம் பத்துக்கு ஒன்பது.

"பாத்தியாண்ணே. மிஷினுக்குக் கொஞ்சம்கூட புத்தி வரல" என்றாள். சிரித்தாள் என்றுதான் எழுதவேண்டும்.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். ஆலங்குளத்துக்காரர் தன் செல்போனைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவர் அம்மா, "என்னலே?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். ராயகிரி. வயது இருபத்திரண்டு. முதல் மணம். எட்டுப் பொருத்தம். இறந்துபோன மருமகளின் படம், நெற்றியில் சின்னப் பொட்டோடு.

மகன் எழுந்து வெளியே போனார். அம்மா செல்போனை மடியில் கவிழ்த்துவைத்தார்.

"வந்து நிக்கா" என்றார், யாரையும் பார்க்காமல். "நாம பேச வந்த அன்னைக்கே வந்து நிக்காளே."

சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கை பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டாள். சாப்பிடாமல் எழுந்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றாள்.

மறுநாள் தோழனைப் பிடித்து ஆலங்குளத்துக்கு இழுத்துப் போனேன். ஆவி, சகுனம் என்று ஒன்றும் இல்லை, இது எங்கள் சங்கத்து முட்டாள்தனம் என்று விளக்கிச் சொல்லத்தான். விளக்கியிருக்கலாம். ஆனால் அவன் பழைய மென்பொருளின் பெருமையிலிருந்து தொடங்கினான். கறுப்புத் திரை, புள்ளி, குறி விழுவது, குறியை எடுப்பது, கோயம்புத்தூர்க்காரனின் அறியாமை என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ அவ செத்த பொறவும் ஒங்க பெட்டிக்குள்ளதான் இருந்தாளா?"

"ஆமா ஆச்சி. ஓரமா நிறுத்தி வச்சிருந்தோம்."

"கல்யாணம் ஆன அன்னையிலயிருந்தா?"

"ஆமா."

"யாருகிட்டலே கேட்டு நிறுத்துனிய?"

தோழன் என்னைப் பார்த்தான். நான் உரமூட்டைகளைப் பார்த்தேன்.

"அவள மொதல்ல முறையா அனுப்புங்க. பொறவு இந்தப் பேச்சப் பேசுவோம்" என்று முடித்துவிட்டார். நியாயமான கோரிக்கை. ஒரு பெயரை எடுப்பது அவ்வளவு கஷ்டமா என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினோம்.

செயலாளரிடம் போனேன். "இப்ப எடுத்தா தப்பு நடந்துட்டுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா" என்றார். புதிய தளத்துக்கு மகத்தான வரவேற்பு என்று வாட்ஸ்அப்பில் அவர் ஏற்கெனவே போட்டிருந்தார். வரவேற்பு இருந்தது உண்மை. கல்யாணமான நாற்பது வயதுக்காரர்கள் பலர் தங்களுக்கு வந்த வரன்களைப் பத்திரமாகச் சேமித்துவைத்திருந்தார்கள்.

புதிய தளத்தில் நீக்குவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால், பதிவு செய்த எண்ணுக்கு வரும் குறியீட்டை உள்ளிடவும் என்றது. பதிவு செய்த எண், ராயகிரியில் அந்தப் பெண்ணின் அப்பா வீட்டில் எப்போதோ இருந்த தரைவழித் தொலைபேசி, வருடா வருடத் திருத்தத்தில் தப்பியது. அந்த வீடே இப்போது வேறொருவர் கையில். கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது.

"சார், ப்ரொஃபைல் ஓனர்தான் டெலீட் ரிக்வெஸ்ட் கொடுக்கணும்."

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

"சாரி சார். அப்படின்னா டெத் சர்டிபிகேட்டை அவங்க லாகின்லேர்ந்து அப்லோட் பண்ணச் சொல்லுங்க சார்."

நாளிதழ் வேலையில் எத்தனையோ அலுவலகங்களோடு பேசியிருக்கிறேன். இவ்வளவு தெளிவான பதில் எங்கும் கிடைத்ததில்லை. பழைய மென்பொருளில் எவரையும் நொடியில் இல்லாமல் ஆக்கியிருக்கலாம், ஆனால் எங்களுக்கு மனம் வரவில்லை. புதியதில் மனம் வந்தாலும் முடியாது. இடையில் உள்ள இந்தத் தூரத்தைத்தான் தொழில்நுட்ப வளர்ச்சி என்கிறார்கள்.

வாரங்கள் போயின. ஆலங்குளத்திலிருந்து தகவல் இல்லை. அவர் மருந்துக்கடைப் பக்கம் வரவில்லை. அம்மா சொல்லை மீறுகிற ஆளில்லை என்பது முன்பே தெரிந்ததுதான். எந்த அழைப்பு வந்தாலும் தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள். பிறகு ஒருநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, "ஆலங்குளம் போறேன். வர்றியா, இல்ல நானே போகட்டுமா?" என்றாள். போனோம்.

அந்த அம்மா கடைக்குப் பின்னால் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார் என்னை மட்டும் பார்த்து. தங்கை இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்கள அங்கயிருந்து எடுக்க முடியல அத்தை. அண்ணன் எல்லா எடத்துலயும் கேட்டாச்சு. அவங்களே வந்து சொன்னாத்தான் எடுப்பானாம்."

"அப்போ என்ன செய்ய?"

"இருந்துட்டுப் போறாங்க. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

அந்த அம்மா கையை நிறுத்தினார். "ஒனக்கு பயமா இல்லையாட்டி?"

"எனக்கு உசிரோட இருக்கிற பழைய ஆளையில்லா அனுப்பிவிட்டாங்க. அதுக்கு ஒங்க மருமக எம்புட்டோ மேல்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துவிட்டோமே என்று கோபம் வந்து, வெங்காயத்தை வேகமாக உரித்தார். பிறகு தங்கை, "அவங்க எப்படி?" என்று கேட்டாள்.

அதற்கு அந்த அம்மா சொன்ன பதில் மதியம் வரை நீண்டது. மருமகளுக்குப் பாகற்காய் ஆகாதாம். டிவியைச் சத்தமாக வைப்பாளாம். அதற்காக இரண்டு பேரும் தெருவுக்குக் கேட்கச் சண்டை போட்டிருக்கிறார்களாம். காய்ச்சல் வந்த முதல் நாள், கசாயம் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னது தான்தானாம். அந்த இடத்தில் நிறுத்தி, மூக்கைச் சிந்தினார். வெங்காயம் என்றார். நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

மகன் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்தவர், எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"நேத்து அந்தச் செயலாளர் போன் பண்ணுதான்" என்றார் அம்மா, தங்கையிடம். "புதுசுல பாத்தா ஒங்க ரெண்டு பேருக்கும் நாலுதான் பொருத்தமாம். வேற நல்ல எடமா காட்டுதேங்கான்."

"நாலா?" என்றாள் தங்கை. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"நாலுதான். எது எதுன்னும் சொன்னான். நான் கேட்டுக்கிடல." உரித்த வெங்காயத்தைத் தட்டில் தள்ளினார். "எனக்கும் இவன் அப்பாவுக்கும் ஒண்ணுமே பாக்கல. ஒங்களுக்கு நாலு இருக்குல்லா, மிச்சத்துக்குச் சண்ட போட்டுக்கிடுங்க. ஆவணியில வைப்போம். ஏலே, என்னத்த மரம் மாதிரி நிக்க? போய் இன்னும் ரெண்டு எல வாங்கிட்டு வா. சாப்புடாம போயிரப் போறாவ."

மகன் திரும்பிய வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டார். தடவிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.